மூன்றாவது சான்றில்தான் சிக்கல்

பீரங்கிப் படையில் இருந்த அமெரிக்க முன்னாள் வீரரின் செவித்திறன் இழப்புக்கான இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாக ஒரு கட்டுரையில் படித்ததும் வருத்தமாக இருந்தது. இதற்கு மூன்று சான்றுகள் வேண்டும். இப்போது குறைபாடு இருக்கிறது, பணியில் வெடிச்சத்தம் கேட்டது, இந்த இரண்டும் சரி. மூன்றாவதாக, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்தில்தான் பலருக்கும் சறுக்குகிறது. 'பணியால் வந்திருக்கலாம்' என்று மருத்துவர் பட்டும் படாமலும் எழுதினால் எடுபடாது. பணியால் வந்திருக்கக் குறைந்தது சரிபாதி வாய்ப்பு உண்டு என்று, பழைய பதிவேடுகளைப் பார்த்து, காரணத்தோடு எழுத வேண்டும். சிகிச்சைப் பதிவு இல்லையென்றால், உடன் பணியாற்றியவர் நேரில் பார்த்ததை எழுதித் தரலாம், அதுவும் சான்றுதான். இருபக்கச் சான்றும் சமமாக இருந்தால் வீரருக்கே சாதகம் என்று சட்டமே சொல்கிறது. நிராகரித்த கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மேல்முறையீடு செய்துவிடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.