ஆட்டுக்கிடையும் 266 ரூபாய் மூட்டையும்

சம்பா அறுப்பு முடிந்த கையோடு ஊருக்குப் போயிருந்தேன். மன்னார்குடி பக்கம் எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அப்பா காலையிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார், கிடை போட, அதாவது ஆட்டு மந்தையை ராத்திரியில் வயலில் அடைத்துவைக்க, ஆள் கிடைக்குமா என்று. முன்பெல்லாம் மாசி, பங்குனியில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் மந்தையோடு தாங்களாகவே வந்து இறங்குவார்கள், வயலுக்கு இத்தனை ராத்திரி என்று பேசிக் கிடை கட்டுவார்கள், ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த வயலில் அந்த வருஷம் பயிரின் நிறமே தனியாகத் தெரியும். இப்போது பல பேரிடம் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'யூரியா போட்டு மண்ணைக் கொன்றுவிட்டார்கள்' என்று வாரம் ஒரு பதிவாவது என் கண்ணில் படுகிறது. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் சேற்றில் கால் வைத்திருக்க மாட்டார்கள் (சரி, நானும் இப்போது சென்னைவாசிதான்). யூரியா விஷமெல்லாம் இல்லை. அதில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), பயிருக்கு வேண்டியதுதான். ஆனால் அதை மட்டுமே அள்ளிப் போட்டுவிட்டு, மண்ணுக்கு வேறு எதுவும் திரும்பப் போகாதபடி செய்துவிட்டோம்.

வண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரி கொண்டுவந்ததில் பெரும்பகுதி 1934-க்குப் பிறகு மேட்டூர் அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. டிராக்டர் வந்து உழவு மாடு போனது, மாட்டோடு எருக்குழியும் போனது. அப்புறம் உளுந்து. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், ஈரம் காயாத வயலில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். ஆள் வைத்து அறுத்த காலத்தில் அந்த முளை தப்பிவிடும், மிச்ச ஈரத்திலும் பனியிலுமே விளையும், வேர்முடிச்சு தழைச்சத்தையும் கொஞ்சம் மண்ணில் விட்டுப் போகும். அறுப்பு இயந்திரம் அதை நசுக்கிக்கொண்டு போகிறது. ஆளும் கிடைக்காமல் கூலியும் கட்டுப்படியாகாமல் இயந்திரத்தைக் கூப்பிடுகிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போதாததற்கு, சேற்றுழவில் டிராக்டரின் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் ஓடி ஓடி அரை அடிக்குக் கீழே மண் பாளமாக இறுகிக் கிடக்கிறது.

விலையையும் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. மணிச்சத்தும் சேர்ந்த டிஏபி உரம் 50 கிலோ 1350 ரூபாய். 2010-ல் சத்துக்கு ஏற்ற மானியம் என்று கொண்டுவந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே, அரசு விலைக் கட்டுப்பாட்டிலேயே விட்டுவைத்தார்கள். கையில் இருக்கும் காசுக்கு நீங்கள் எதை வாங்குவீர்கள்? போட்ட நாலு நாளில் பயிர் கரும்பச்சையாகும், பார்க்கவே தெம்பாக இருக்கும், பின்னாலேயே இலைசுருட்டுப் புழுவும் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியும் வரும், அதற்கு மருந்து, அந்த மருந்தில் புகையானைத் தின்கிற சிலந்தியும் சேர்ந்து சாகும். போட்டதில் பாதிக்கு மேல் பயிருக்குப் போய்ச் சேர்வதே இல்லை, கொஞ்சம் வடிகாலில், மீதி பெரும்பாலும் அமோனியாவாகவும் நைட்ரஜனாகவும், சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடாகவும் காற்றில். நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைவிட 270 மடங்கு பூமியைச் சூடாக்கும் என்று வரப்பில் நிற்கிறவரிடம் சொன்னால் சிரிப்பார். 'பாதிக் காசு ஆவியாகிறது' என்று சொல்லிப் பாருங்கள், கேட்பார்.

பூமியைச் சூடாக்குகிற மீத்தேன் கதையும் அப்படித்தான். தண்ணீர் கட்டிய வயலில் காற்று புகாத சேற்றில் தாளும் வேரும் மட்கும்போது மீத்தேன் உண்டாகிறது. ஓட்டை போட்ட குழாயை வயலில் இறக்கி, அதில் மட்டம் பார்த்து, தண்ணீர் மண்ணுக்கு அரை அடி கீழே போனபிறகு மறுபடி பாய்ச்சினால் அது நன்றாகக் குறையும். போர்வெல் வைத்திருப்பவருக்கு இது சுலபம். கடைமடையில் முறைத்தண்ணீருக்குக் காத்திருப்பவரிடம் 'வயலைக் காயவிடுங்கள்' என்று யார் போய்ச் சொல்வது? அடுத்த முறை எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

கடைசியில் அப்பாவுக்கு மூன்று ராத்திரி கிடை கிடைத்தது. இரண்டு மாவில் குறுவையை விட்டுவிட்டுத் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறார், பூ எடுக்கும்போது மடக்கி உழப் போகிறாராம். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மாமா, எல்லாரும் நெல்லு போட்டா நீங்க காட்டை வளக்குறியளா?" என்று கேட்டிருக்கிறார். போகும்போது, மிச்ச விதை இருந்தால் தனக்கும் வேண்டும் என்று சொன்னாராம்.