எதை வேண்டுமானாலும் தளர்த்துங்கள், எழும் நேரத்தை மட்டும் வேண்டாம்

நோயில் கிடந்து தேறி வருபவர்கள், பெரிய வேலை ஒன்று முடிந்து அடுத்தது அமையாதவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், வீட்டில் ஒருவரை இழந்துவிட்டு அமைதியாக நாளைக் கழிப்பவர்கள். இவர்கள் எல்லோரிடமும் நாம் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறோம்: "கொஞ்ச நாள் நல்லா ரெஸ்ட் எடு." எப்படி எடுப்பது என்று சொல்வதில்லை. ஒரு மாதம் வீட்டில் இருந்த பிறகும் "அசதி போகவே மாட்டேங்குது" என்று அவர்கள் சொல்லும்போது, சோம்பேறித்தனம் என்று பேர் வைத்துவிடுகிறோம். இது அநியாயம்.

பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் காலைதான். வேலை இல்லையே என்று ஆறு மணிக்கு எழுந்தவர் ஒன்பதரைக்கு எழத் தொடங்குவார். நம் உடலுக்குள் இருக்கும் கடிகாரத்தின் சுற்று பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். தினமும் கண்ணில் படும் காலை வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது. (உடலின் செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது.) காலை வெளிச்சத்தைத் தவறவிட்டால் கடிகாரம் தாமதமாகும், இரவுத் தூக்கமும் தள்ளிப் போகும். வீட்டை விட்டு நகராமலேயே வேறொரு நாட்டு நேரத்தில் வாழ்வது மாதிரி.

அதனால் எழும் நேரம் தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் மாறக் கூடாது. இரவு தூக்கம் கெட்டிருந்தாலும் சரி. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 நிமிடமாவது வெளியே நில்லுங்கள், அல்லது நடங்கள். வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்வது இதற்கு ஈடாகாது.

குறைந்த தூக்கத்தைப் பகலில் ஈடுகட்டலாம், ஆனால் அதற்கும் அளவு உண்டு. மதியம் மூன்று மணிக்கு முன், 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். கண் அயர ஐந்து நிமிடம், தூக்கம் இருபது. நாற்பது ஐம்பது நிமிடம் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழ நேரும். தலை கனக்கும், வாய் உலரும், "ஏன்டா படுத்தோம்" என்று இருக்கும். பகல் தூக்கம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்பவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது அந்தக் கூடுதல் அரை மணிதான். காபியிலும் டீயிலும் உள்ள கஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மதியத்துக்குப் பிறகு அதை விட்டுவிடுவது நல்லது.

ஓய்வு என்றால் எல்லாவற்றையும் நிறுத்துவது என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. ஓட்டப் பந்தய வீரர்கள் பெரிய போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பயிற்சியைக் கிட்டத்தட்ட பாதியாகக் குறைப்பார்கள். குறைவது தூரம் மட்டுமே. வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு வேகம் என்பதில் கை வைக்க மாட்டார்கள். பயிற்சியில் கிடைத்த பலன் அந்த இரண்டு வாரத்தில்தான் வெளிப்படும். வீட்டில் இருப்பவருக்கும் இது பொருந்தும். ஒரு மணி நேரம் நடந்தவர் அரை மணி நேரம் நடக்கட்டும், அதே நேரத்தில் கிளம்பட்டும்.

அடுத்தது போன். படுத்துக்கொண்டு போன் பார்ப்பவரின் முதுகுக்கு மட்டும்தான் ஓய்வு. கட்டைவிரல் நகரும் ஒவ்வொரு முறையும் "இதைப் பார்க்கலாமா, தள்ளலாமா" என்று மூளை ஒரு முடிவை எடுத்துக்கொண்டே இருக்கிறது. வெளி வேலையில் கவனம் இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் கூடுதலாக இயங்குகின்றன. பழையதை நினைத்துப் பார்ப்பதும் வரப்போவதை அசைபோடுவதும் அப்போதுதான் நடக்கின்றன. சும்மா இருக்கும் நேரம் வீண் போவதில்லை. துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கை வேலை செய்ய மனம் அலையும் எதுவும் சரி. முதல் நாலைந்து நாள் இருப்புக் கொள்ளாது, இல்லாத வேலையைத் தேடச் சொல்லும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரவில் 20 நிமிடம் போல விழித்தே கிடந்தால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், தூக்கம் வந்த பின் படுங்கள். புரண்டுகொண்டே கிடந்தால் படுக்கை என்றாலே விழிப்பு என்று உடல் பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி தீரவில்லை என்றால் ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சுத் திணறலும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்து, பிடித்தது எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்தால் அதற்கு ஓய்வு மருந்தில்லை. சிகிச்சை தேவை.

திரும்பி வருவதும் படிப்படியாகத்தான். முடியும் என்று தோன்றுவதில் பாதியை மட்டும் செய்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். அளவு மீறியதன் அசதி பல நேரம் அன்றே தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் வரும். மூன்றாம் நாள் காலை வழக்கமான நேரத்தில் வழக்கமான தெம்போடு எழ முடிந்தால் இன்னொரு வேலையைச் சேர்க்கலாம். முடியாவிட்டால் ஒரு படி இறங்கி ஒரு வாரம் அங்கேயே இருங்கள்.