இயற்கை என்று நடித்த ஆசிரியர்

"பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள், இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவஞானி ரூசோ எழுதிய, பிரான்சின் மொன்மொரன்சி காடுதான் ஞாபகம் வரும்.

1762-இல் வந்த, குழந்தை வளர்ப்பைப் பற்றிய அவருடைய 'எமில்' நூலில் ஒரு காட்சி. திசை அறியும் பாடம் எதற்கு என்று சிறுவன் எமில் கேட்கிறான். ஆசிரியர் விளக்கம் சொல்லவில்லை. மறுநாள் அவனை நடக்கக் கூட்டிப்போய், காட்டில் வழி தவறிவிட்டதுபோல் நடிக்கிறார். பையனுக்குப் பசி, அழுகை. நண்பகல் நிழல் வடக்கே விழும், ஊர் காட்டுக்குத் தெற்கே இருக்கிறது என்று அவனே கண்டுபிடிக்கும்வரை அவர் விடுவதில்லை. இதில் இயற்கை எங்கே இருக்கிறது? மொத்தமும் ஆசிரியர் போட்ட நாடகம். தானே எஜமான் என்று மாணவன் நினைத்துக்கொள்ளட்டும், உண்மையில் எஜமான் நீங்களாகவே இருங்கள் என்று ரூசோவே ஒளிக்காமல் எழுதிவிட்டார். (சொந்தக் குழந்தைகளை அநாதை இல்லத்தில் விட்டவர் என்ற பழைய குத்தல் ஒருபக்கம் கிடக்கட்டும்.)

எதிர்க்கரையில் பிரெஞ்சுத் தத்துவஞானி எல்வேசியஸ். மனிதர்களுக்குள் அறிவில் வரும் வேறுபாடு முழுக்கக் கல்வியால் வருவது என்றார். அதுவும் மிகைதான்.

இரு தரப்பையும் சோதித்துப் பார்க்க வந்தவன்போல 1800-இல் தெற்கு பிரான்சின் அவேரோன் காட்டுப்பக்கமிருந்து ஒரு சிறுவன் பிடிபட்டான். பிறவியிலேயே மூளை வளர்ச்சி இல்லாதவன் என்றார் மருத்துவர் பினெல். இல்லை, மனிதர்களோடு வாழாததுதான் காரணம் என்றார் இளம் மருத்துவர் இத்தார். விக்டர் என்று பெயரிட்டுச் சில ஆண்டுகள் மல்லுக்கட்டினார். பாலைக் குறிக்கும் 'லே' (lait) என்ற பிரெஞ்சுச் சொல் அவன் வாயில் வந்தது. ஆனால் பால் வேண்டும் என்று கேட்பதற்காக அல்ல, கிடைத்த சந்தோஷத்தில்! இத்தாருக்கு ஏமாற்றம். அப்புறம் ஒருநாள், வழக்கமாகப் பால் கிடைக்கும் வீட்டுக்குப் போகும்போது, அந்தச் சொல்லின் நான்கு எழுத்துத் துண்டுகளையும் யாரும் சொல்லாமலே பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் அடுக்கிக் காட்டினான். பேச்சு கடைசிவரை சரியாக வரவில்லை.

இத்தாரின் அந்த முயற்சிகளைப் படித்துத்தான் இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி தன் கற்பித்தல் கருவிகளை உருவாக்கினார். 1907-இல் ரோமில் திறந்த அவருடைய குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகளுக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் அந்த அறையில் நாற்காலியின் உயரம்கூட யோசித்து வைத்தது. ரூசோவின் நாடகத்தைவிட இது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

என் கோபமெல்லாம் இயற்கையைத் தீர்ப்பாக மாற்றியவர்கள்மேல்தான். 1905-இல் பிரெஞ்சு உளவியலாளர் பினே அறிவுச் சோதனையை உருவாக்கியது, பாரிஸ் பள்ளிகளில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய. அமெரிக்காவில் உளவியலாளர்கள் காடர்டும் டெர்மனும் அதையே பிறவி அறிவின் அளவுகோலாக்கினார்கள். ஒருவரின் அறிவு பிறகு வளரவே வளராது என்பதை பினே கடுமையாக மறுத்தவர். கவனம் சிதறும் பிள்ளைகளைச் சிலைபோல் அசையாமல் நிற்கப் பழக்கும் விளையாட்டைக்கூடப் பரிந்துரைத்தார். கடல் தாண்டிப் பரவியது சோதனைத்தாள்தான். அந்தப் பயிற்சிகளை எடுத்துப்போக ஆளில்லை.