விக்டோரியா டே மழையும் எங்கட செட்டும்

கனடாவில மே மாசம் விக்டோரியா டே லாங் வீக்கெண்ட் வந்தால் காணும், எங்கட செட்டில ஆருக்காவது ஒன்ராறியோவில கூடாரம் அடிச்சுத் தங்கிற அல்கோன்குயின் பார்க் காடு ஞாபகம் வந்திடும். "மூண்டு நாளும் மழையாம்" எண்டால், "சும்மா தூறல் மச்சான், விட்டிடும்" எண்டு பதில். விட்டால்தானே!

போர்ட்டேஜ் எண்டு ஒண்டு இருக்கு. ஒரு ஏரியில இருந்து அடுத்த ஏரிக்குக் கனூ எண்ட துடுப்பு வள்ளத்தைத் தலைக்கு மேல கவிட்டுத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ளால நடக்கிறது. கெவ்லார் எண்ட பாரமில்லாத நாரில செய்த கனூ 20 கிலோதான் வரும், பாரத்தைப் பற்றிக் கதையில்லை. ஆனா சேத்துக்க வேர் வழுக்குது, ரெண்டு கையும் மேல, அந்த நேரம் பாத்துக் கறுப்பு ஈ காதுக்குப் பின்னால கடிக்கும் பாருங்கோ... தட்டுறதுக்குக் கை வேணுமே! மழை கொஞ்சம் விட்டால் அதுகள் வேலைக்கு வந்திடும்.

தார்ப்பாய் கொண்டாறன் எண்டவர் கொண்டு வரேல்ல. புளூடூத் ஸ்பீக்கர் வந்திருக்கு. உள்காட்டுக்க டின், போத்தல் கொண்டுபோகத் தடை எண்டு தலைதலையா அடிச்சும் டின்மீன் வந்து, கடைசியில காருக்கையே கிடந்துது. நனைஞ்ச விறகு புகைஞ்சுதே தவிர எரியேல்ல. இருட்டுக்க, கொட்டுற மழையில, கரடி எடுக்காமல் சாப்பாட்டுப் பையை மரக்கொப்பில கயிறு போட்டு ஏத்தினது ஆர்? நான்தான். ஐயாமார் கூடாரத்துக்க படுத்துக்கொண்டு, "உயரம் காணாது மச்சான்" எண்டு ரோச் அடிச்சுக் காட்டுகினம்.

திங்கள் பின்னேரம் ஹைவே 400இல ஊர்ந்து ஊர்ந்து வாறம். ஈரச் சப்பாத்து நாறுது. பின் சீற்றில இருந்து ஒருத்தர் கேக்கிறார், ஓகஸ்ட் லாங் வீக்கெண்டுக்கும் இடம் புக் பண்ணுவமோ எண்டு.