எல்.கே.ஜி பிள்ளையின் நோட்டு காலியாக இருக்கட்டும்

மூன்றரை வயதுப் பிள்ளைக்கு நான்கு கோடு நோட்டு வேண்டாம். எல்.கே.ஜி வகுப்பு எடுக்கிறவளாக இதைச் சொல்கிறேன். ஜூனில் சேர்த்த பிள்ளையின் நோட்டை ஆகஸ்டில் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், இன்னும் ஒண்ணுமே எழுத வைக்கலையா?" என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிறவர்களுக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும்தானே. ஆனால் இந்த வயதில் பிள்ளை கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி நோட்டில் வராது.

எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து ஐம்பது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம், "அஞ்சு புளியங்கொட்டை எடுத்துக் கொடு கண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். கை நிறைய அள்ளிக் கொடுக்கும். வரிசையாகச் சொல்ல வருகிறது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. பல பிள்ளைகளுக்கு அது மூன்றரை, நான்கு வயதுக்கு மேல்தான் பிடிபடும். பக்கம் பக்கமாக 5 எழுதினால் வராது. பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது வரும். (ஆட்ட விதியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.) சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொன்னால், ஒரு தட்டு குறைகிறது என்று அதுவே ஓடிவந்து சொல்லும். அந்த நிமிடம் பிள்ளை கணக்குப் போட்டுவிட்டது.

எழுதுவதற்கும் கை தயாராக வேண்டும். மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகத்தான் இறுகும், கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே எட்டு வயதுக்கு மேல் ஆகலாம். விரல்களுக்குப் பலமும் பக்குவமும் வருவது மாவு பிசைவதில், மணி கோப்பதில், ஈரத்துணி பிழிவதில், மணலில் கோடு கிழிப்பதில். இதெல்லாம் செய்த கை, பென்சிலைத் தானே சரியாகப் பிடிக்கும். அதற்கு முன்னால் பிடிக்க வைத்தால் கை வலிக்கும், எழுத்து என்றாலே பிள்ளைக்கு வெறுப்பு வரும்.

இது புதிதாக யாரோ சொல்வதும் இல்லை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் முதல் பள்ளியைத் தொடங்கியது ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக. 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்; போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், அதில் சில காலம் கொடைக்கானலில். அவர் முறையில் எழுத்தை முதலில் விரலால் தடவித்தான் அறிய வேண்டும். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதியிருக்கும் எத்தனையோ பள்ளிகளில் பிள்ளைகள் வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்து டிக்டேஷன் எழுதுகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

இன்னும் அதிகமாக வலிப்பது மொழி விஷயம். வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்கிறார்கள். பாத்ரூம் போக வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல், உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த அவமானத்தைக் கொடுத்து எந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தும் பயனில்லை. ஆங்கிலம் வேண்டும், நானும் சொல்லித்தருகிறேன். ஆனால் பயத்தையும் பசியையும் சண்டையையும் சந்தேகத்தையும் வீட்டு மொழியில் கொட்டித் தீர்க்க இடமிருந்தால்தான் பிள்ளை யோசிக்கவே ஆரம்பிக்கும். "ஏன் டீச்சர் நிழல் என்கூடவே வருது?" என்ற கேள்வியை எந்தப் பிள்ளையும் மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் கேட்காது.

பள்ளி பார்க்கப் போகும் பெற்றோர் ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு. மணல் இருக்கிறதா? அழும் பிள்ளையை யார் தூக்குகிறார்கள்? வகுப்பில் அதிகம் பேசுவது டீச்சரா, பிள்ளைகளா? சேர்க்கும்போது பிள்ளைக்கு இன்டர்வியூ வைத்தால் தயங்காமல் எதிர்த்துக் கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளையைச் சேர்க்கும்போதே அப்படி வடிகட்டக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 13-வது பிரிவு.

அப்புறம், பால்வாடி. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்று விளையாட்டை வைத்தே ஒரு பாடத்திட்டமும் அவர்களிடம் இருக்கிறது. பல தனியார் நர்சரிகளைவிட அது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அங்கே இருக்கும் பணியாளர் எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், அதையே போனில் போஷன் டிராக்கர் என்ற அரசு செயலியிலும் ஏற்ற வேண்டும். உதவியாளர் சமையலில் இருப்பார். பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை சொல்ல யாருக்கு நேரம்? 2019-ல் 2,381 மையங்களில் எல்.கே.ஜி, யு.கே.ஜி தொடங்கி ஆசிரியர்களை அனுப்பினார்கள். மற்ற மையங்களிலும் பிள்ளைகளுக்கென்றே முறையான சம்பளத்தில் ஒருவர் வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்றுதான் அங்கன்வாடித் திட்டமே தொடங்கியது. கிராம சபையும் அதே தேதியில் கூடுகிறது. இந்த முறை உங்கள் ஊர்க் கூட்டத்தில் ரோடு, தண்ணீரோடு சேர்த்து இதையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.