ஃபிங்கர் புழுவும் எக்ஸ்வி6-உம்

ராபர்ட் மோரிஸை '1988-ல் இணையத்தை முடக்கிய மாணவர்' என்ற ஒற்றை வரியோடு பலரும் விட்டுவிடுகிறார்கள். மனிதர் அப்புறம் என்ன ஆனார் என்பதல்லவா சுவாரசியம்!

அவருடைய புழு, அதாவது தன்னைத்தானே பிரதியெடுத்துக் கணினி விட்டுக் கணினி பரவும் நிரல், நுழைந்த வழிகளில் ஒன்று, கணினியின் பயனர்களைப் பற்றிய விவரம் சொல்லும் ஃபிங்கர் என்ற சின்ன சேவை. 512 பைட் கொள்ளும் இடத்தில் 536 பைட்டைத் திணித்தார். வரும் வரியின் நீளத்தை ஃபிங்கர் நிரல் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே புழு இருக்கும் கணினியிலும் ஏழில் ஒரு தடவை விடாப்பிடியாகத் தங்கும்படி எழுதியிருந்ததுதான் வினை. பிரதிகள் குவிந்து கணினிகள் திணறிப்போயின.

சிறை இல்லை. 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிறகு ஹார்வர்டில் முனைவர் பட்டம், 1999-ல் எம்ஐடி-யில் ஆசிரியர் வேலை, 2006-ல் நிரந்தரப் பணி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே புழுவை அவர் அவிழ்த்துவிட்டது இதே எம்ஐடி கணினி ஒன்றிலிருந்துதான். விதிக்கும் குசும்பு உண்டு போல.

எனக்கு அவர் எக்ஸ்வி6 வழியாகத்தான் பழக்கம். பாடம் நடத்துவதற்காகச் சகாக்களோடு சேர்ந்து எழுதிய குட்டி இயங்குதளம். மொத்த நிரலையும் அச்செடுத்துக் கையில் வைத்துப் படிக்கலாம். ஒரு ப்ராசஸிலிருந்து (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) இன்னொன்றுக்குத் தாவும்போது, அதன் தற்காலிகத் தரவு இருக்கும் நினைவகப் பகுதியான ஸ்டாக் எப்படி மாறுகிறது என்று பேனாவால் அம்புக்குறி போட்டுப் போட்டு என் பிரதியில் அந்தப் பக்கம் கிழிந்தே போனது. பயனர் நிரல் தரும் நினைவக முகவரியை அப்படியே நம்பாமல், எல்லைக்குள் இருக்கிறதா என்று இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் சரிபார்க்கும் வரிகள் வரும்போதெல்லாம், யார் எழுதியது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.