மகின் தியாஸ் பெற்ற விருது பற்றி ஒரு திருத்தம்

கொலம்பியாவின் ஆப்பிரிக்க வம்சாவளிப் பாடகர் மகின் தியாஸ், 2017-இல் சிறந்த நாட்டுப்புற ஆல்பத்துக்கான லத்தீன் கிராமி இசை விருதை வென்றார் என்று இணையப் பதிவு ஒன்றில் ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அன்போடு ஒரு திருத்தம்: அந்தப் பிரிவில் அவருடைய ‘எல் ஒரிஷா தே லா ரோசா’ பரிந்துரைக்கப்பட்டது உண்மை; வென்றது மெக்சிகோவின் நடாலியா லஃபூர்காதே. தியாஸின் ஆல்பம் வென்றது சிறந்த உறை வடிவமைப்புக்கான விருதை. அது வடிவமைப்பாளர்களின் கைக்குப் போகும் விருது, பாடியவருக்கு அல்ல.

ஒரே ஆல்பம் இரண்டு பிரிவுகளில் இருந்ததால் செய்திகளில் இது குழம்பியிருக்கலாம். சரிபார்ப்பது எளிது. லத்தீன் கிராமியின் அதிகாரபூர்வத் தளத்தில் 2017-ஆம் ஆண்டு, அதாவது 18-ஆவது விழாவின் பட்டியலைத் திறந்து, ஆல்பத்தின் பெயரை மட்டும் தேடாமல் அது எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று பாருங்கள். வென்றவர்களாக யாருடைய பெயர்கள் இருக்கின்றன என்பதும் அங்கேயே தெரியும்.

இதனால் அவர் பெருமை குறைகிறது என்று நான் சொல்லவில்லை. கரும்பு ஆலையில் உழைத்தவர், 1922-இல் பிறந்தவர். அந்த வயதில் விழாவுக்காக லாஸ் வேகாஸ் வரை போனார், சில நாட்களில் அங்கேயே காலமானார். கிடைக்காத விருதை அவர் பெயரில் எழுதும்போது, அந்த உறையை உருவாக்கிய கலைஞர்களின் உழைப்புதான் மறைந்துபோகிறது. முடிந்தால் மூலப் பதிவைத் திருத்திவிடுங்கள்.